நாரோ கேஜ் மாதிரி ரயில்கள்: எந்த எதிர்பார்ப்பு நிறைவேறும், எது காத்திருக்கும்?

மாதிரி ரயில் நிறுவனங்கள் புதிய வெளியீடுகளை அறிவிக்கும் ஒவ்வொரு முறையும், அமெரிக்க நாரோ கேஜ் (குறுகிய அகல) பாதைகளை மாதிரியாக அமைப்பவர்கள் அந்தப் பட்டியலை முதலிலிருந்து கடைசிவரை படித்துவிட்டுப் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் திரும்புகிறார்கள். அவர்கள் கேட்பது ஆண்டுக்கு ஆண்டு அதிகம் மாறுவதில்லை: ரியோ கிராண்டே ரயில்வேயின் கே-28, கே-36 இன்ஜின்கள், பென்சில்வேனியாவின் ஈஸ்ட் பிராட் டாப் பாதையின் மிகாடோ இன்ஜின்கள், மரம் வெட்டும் பாதைகளுக்கான சிறு இன்ஜின்கள், இவற்றோடு நம்பகமான தண்டவாளமும் சரக்குப் பெட்டிகளும். தயாரிப்பாளர்களுக்கு அக்கறை இல்லை என்ற மனக்குறை இந்த வட்டத்தில் அடிக்கடி எழுகிறது. உண்மையான காரணம் வேறு. இந்தப் பொழுதுபோக்கில் இதுவரை வெற்றி பெற்ற வெளியீடுகளைப் பார்த்தால், ஒவ்வொன்றும் ஏற்கெனவே இருந்த ஏதோ ஒன்றைப் பகிர்ந்துகொண்டிருப்பது தெரியும்: வேறொருவருடைய தண்டவாளம், வேறொரு வரிசைக்குச் செய்த இயக்கப் பகுதி, அல்லது பல பாதைகளில் ஓடிய ஒரே வகை இன்ஜின். எந்த எதிர்பார்ப்பு நியாயமானது என்பதை அந்தப் பகிர்வை வைத்து ஓரளவு கணிக்க முடியும்.

அமெரிக்காவில் பொது வழக்கான ரயில்பாதையின் அகலம் 1435 மில்லிமீட்டர். நாரோ கேஜ் என்று அங்கே பெரும்பாலும் குறிக்கப்படுவது 3 அடி, அதாவது 914 மில்லிமீட்டர் அகலப் பாதை. வில்லியம் ஜாக்சன் பாமர் 1870-இல் தொடங்கிய டென்வர் அண்ட் ரியோ கிராண்டே நிறுவனம் கொலராடோ மலைகளில் இந்த அகலத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் செலவு: குறுகிய பாதை கூர்மையான வளைவுகளில் திரும்பும், மலைச் சரிவில் குறைவாக வெட்டினால் போதும், பெட்டிகளும் இன்ஜின்களும் சிறியவை. அதே தர்க்கத்தில்தான் ஓட்டோ மியர்ஸ் 1890-91இல் டுராங்கோவுக்கும் ரிட்ஜ்வேக்கும் இடையே 162 மைல் நீளத்துக்கு ரியோ கிராண்டே சதர்ன் பாதையைப் போட்டார். அலாஸ்காவின் ஸ்காக்வேயிலிருந்து ஏறும் ஒயிட் பாஸ் அண்ட் யூகான், அப்பலாச்சிய மலைகளில் ஓடிய ‘ட்வீட்சி’, மெயின் மாநிலத்தில் வெறும் 2 அடி அகலத்தில் ஓடிய சின்னஞ்சிறு ரயில்கள் எல்லாம் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. வீட்டில் ஓர் அறைக்குள் ரயில் அமைப்பவருக்கு இந்தப் பாதைகள் இயல்பாகவே பிடித்துப்போகின்றன. நான்கைந்து பெட்டிகள் கொண்ட ரயில் அங்கே முழுமையான ரயில். கூர்மையான வளைவு அங்கே இடப் பற்றாக்குறைக்காகச் செய்த சமரசம் அல்ல, உண்மையிலேயே இருந்தது.

இவ்வளவு ஈர்ப்பு இருந்தும் சந்தை ஏன் மெலிந்திருக்கிறது என்பதற்கு முதல் விடை கணக்கில் இருக்கிறது. சாதாரண ரயிலை 1:87 விகிதத்தில் செய்பவர் எச்ஓ என்ற ஒரே வரிசைக்குள் நின்றுவிடலாம், அவருக்கு 16.5 மில்லிமீட்டர் தண்டவாளம் ஒன்றே போதும். அதே விகிதத்தில் 3 அடிப் பாதையைச் செய்ய விரும்பினால் 10.5 மில்லிமீட்டர் தண்டவாளம் வேண்டும். அதற்குப் பெயர் எச்ஓஎன்3. விகிதத்தின் பெயருக்குப் பின்னால் வரும் ‘என்’ குறுகிய பாதையையும், அடுத்து வரும் எண் அதன் அகலத்தையும் குறிக்கும். 1:64 விகிதத்தில் எஸ்என்3 என்றால் ஏறத்தாழ 14.3 மில்லிமீட்டர், 1:48இல் ஓஎன்3 என்றால் 19 மில்லிமீட்டர், தோட்டத்தில் ஓட்டும் 1:20.3 விகிதத்தில் 45 மில்லிமீட்டர். இவற்றோடு 30 அங்குலப் பாதையைக் காட்டும் எச்ஓஎன்30, ஓஎன்30, 2 அடிப் பாதைக்கான ஓஎன்2, 1:160 விகிதத்தில், இன்னும் சிறிய இசட் (Z) வரிசையின் தண்டவாளத்தைப் பயன்படுத்தும் என்என்3 ஆகியவையும் உண்டு. ஏற்கெனவே சிறிய ஒரு கூட்டம் இப்படி எட்டு ஒன்பது கிளைகளாகப் பிரிந்து நிற்கிறது. ஒரு கிளையில் உள்ளவர் வாங்கும் இன்ஜின் அடுத்த கிளையில் உள்ளவருக்குப் பயன்படாது. கே-36 வேண்டும் என்று பலர் ஒரே குரலில் கேட்பதுபோலத் தோன்றினாலும், அவர்கள் கேட்பது நான்கைந்து வெவ்வேறு பொருள்களை.

இரண்டாவது தடை நீராவி. டீசல் இன்ஜின் மாதிரியைச் செய்யும் நிறுவனம் ஒரே உடலையும் ஒரே சேஸிஸையும் வைத்துக்கொண்டு, பத்து இருபது ரயில்வேக்களின் வண்ணங்களைப் பூசி விற்க முடியும். அமெரிக்க நாரோ கேஜ் பாதைகள் பெரும்பாலும் டீசல் காலம் முழுமையாக வருவதற்கு முன்பே மூடப்பட்டன. ஒயிட் பாஸ் போன்ற சில விதிவிலக்குகளைத் தவிர, அவை முடிவுவரை நீராவியிலேயே ஓடின. மாதிரித் தயாரிப்பில் மிக அதிகச் செலவு பிடிப்பது நீராவி இன்ஜின்தான். அதன் இணைப்புத் தண்டுகள், வால்வு இயக்கம், பாய்லர்மேல் ஓடும் குழாய்கள் எல்லாம் கையால் கோக்கப்பட வேண்டும். அதைவிட முக்கியம், அந்த இன்ஜின் ஒன்றிரண்டு ரயில்வேக்களுக்கு மட்டுமே உரியது. ஊசிவார்ப்புக்கான எஃகு அச்சுகளை வெட்டும் செலவு, ஆயிரம் விற்றாலும் பத்தாயிரம் விற்றாலும் ஏறத்தாழ ஒன்றுதான். விற்பனை குறைந்தால் அந்தச் செலவு ஒவ்வொரு பொருளின் விலையிலும் ஏறி உட்கார்ந்துகொள்கிறது.

இந்தத் தடைகளைக் கடந்து வந்த வெளியீடுகளின் வரலாறுதான் நமக்கு உண்மையான வழிகாட்டி. பல பத்தாண்டுகளாக நாரோ கேஜ் இன்ஜின் என்றாலே ஜப்பானிலும் பின்னர் கொரியாவிலும் கையால் செய்து இறக்குமதியான பித்தளை மாதிரிகள்தான். பித்தளைக்குப் பெரிய அச்சுச் செலவு கிடையாது. சில நூறு பிரதிகள் விற்றாலே கணக்கு நேராகிவிடும். அதனால் சிறு கூட்டத்துக்கு அது பொருந்தியது. ஆனால் விலை பலருக்கு எட்டவில்லை, ஓட்டமும் எப்போதும் சீராக இல்லை. இன்னொரு பக்கம் எம்டிசி ரவுண்ட்ஹவுஸ் நிறுவனம் எச்ஓஎன்3இல் கட்டிக்கொள்ளும் கிட்களை மலிவாகத் தந்தது. 2004இல் அந்த நிறுவனம் ஹொரைசன் ஹாபியின் கைக்குப் போனது. பொறுமையும் கருவிகளும் உள்ளவர்களுக்கு அந்தக் கிட்கள் ஒரு நுழைவாயிலாக இருந்தன என்பதை மறக்கக் கூடாது.

திருப்பம் 1998இல் வந்தது. பாக்மன் நிறுவனம் கிறிஸ்துமஸ் அலங்காரக் கிராமங்களைச் சுற்றி ஓடுவதற்காக 1:48 அளவில், சாதாரண எச்ஓ தண்டவாளத்தில் ஓடும் ஒரு 2-6-0 இன்ஜினை (எண்கள் முன்சக்கரம், இயக்கச் சக்கரம், பின்சக்கரம் ஆகியவற்றின் எண்ணிக்கை) வெளியிட்டது. 16.5 மில்லிமீட்டரை 48ஆல் பெருக்கினால் 792 மில்லிமீட்டர், அதாவது ஏறத்தாழ 31 அங்குலம். 30 அங்குலப் பாதைக்கு அது மிக நெருக்கம். அலங்காரப் பொருளாக வந்ததை மாதிரி ரயில்காரர்கள் உடனே அடையாளம் கண்டுகொண்டார்கள். அதன்பின் அதே நிறுவனம் ஷே, கிளைமாக்ஸ், போர்ட்டர், ஃபோர்னி என்று சிறு நீராவி இன்ஜின் வகைகளை வரிசையாக வெளியிட, ஓஎன்30 முழுமையான ஒரு துறையாகவே வளர்ந்துவிட்டது. இதில் நடந்ததைக் கூர்ந்து பார்க்க வேண்டும். தண்டவாளமும், பாதை பிரியும் இடத்துக்கான பாயிண்ட்களும் எல்லாக் கடைகளிலும் கிடைத்தன. சக்கரங்களும் இயக்கப் பகுதிகளும் தொழிற்சாலைக்குப் பழக்கமான அளவில் இருந்தன. முதல் அச்சின் செலவை மாதிரி ரயில் பற்றி எதுவும் அறியாத அலங்காரப் பிரியர்களும் பகிர்ந்துகொண்டார்கள். பாதையின் அகலம் 36 அங்குலமாக இல்லையே என்று ஓஎன்3காரர்கள் முகம் சுளித்தது உண்மைதான். ஆனால் அந்த ஐந்தாறு அங்குலச் சமரசம்தான் அந்தத் துறைக்கு உயிர் கொடுத்தது.

எச்ஓஎன்3க்கு அப்படிப்பட்ட இரவல் தண்டவாளம் இல்லை. அங்கே நம்பிக்கை அளித்தது பிளாக்ஸ்டோன் மாடல்ஸ். மாதிரி ரயில்களுக்கான ஒலிக்கருவிகளைச் செய்யும் சவுண்ட்டிராக்ஸ் நிறுவனத்தின் கிளையான இது, நாரோ கேஜின் தலைநகரம் என்றே சொல்லத்தக்க டுராங்கோவில் இருந்து இயங்கியது. அவர்களுடைய கே-27, சி-19 இன்ஜின்கள் பெட்டியிலிருந்து எடுத்துத் தண்டவாளத்தில் வைத்தவுடன், ஒலியோடு ஓடின. பித்தளையின் நுணுக்கத்தை ஆலைத் தயாரிப்பில் தர முடியும் என்று அந்த இரண்டும் காட்டின. அவர்கள் தேர்ந்தெடுத்த வகைகளும் தற்செயல் அல்ல: கே-27 ரியோ கிராண்டேயிலும் ரியோ கிராண்டே சதர்னிலும் ஓடியது, சி-19ம் அப்படியே. ஒரே அச்சில் இரண்டு ரயில்வேக்களை நம்பியிருப்பவர்களுக்கு விற்க முடிந்தது.

அப்படியானால் கே-36 ஏன் கனவாகவே இருக்கிறது? ‘கே’ என்பது 2-8-2 மிகாடோ வகையையும், எண் ஆயிரம் பவுண்டுகளில் அதன் இழுவிசையையும் குறிக்கிறது. 1925இல் பால்ட்வின் நிறுவனம் 480 முதல் 489 வரை பத்து இன்ஜின்களைக் கட்டியது. சாலிடாவில் சுழல்மேடைக் குழிக்குள் விழுந்த 485 மட்டும் பின்னர் உடைக்கப்பட்டது. மற்ற ஒன்பதும் இன்றும் டுராங்கோ–சில்வர்ட்டன், கும்ப்ரஸ்–டோல்டெக் ஆகிய சுற்றுலாப் பாதைகளில் இருக்கின்றன. மக்கள் நேரில் பார்க்கும் இன்ஜின் என்பதால் வாங்குபவர்கள் மாதிரி ரயில் வட்டத்துக்கு வெளியிலும் இருப்பார்கள். 1920களின் கரி காலம் முதல் இன்றைய சுற்றுலாக் காலம்வரை ஒரே உடலைப் பல தோற்றங்களில் விற்கலாம். எதிர்ப்பக்கத்தில், பத்தும் ஒரே ரயில்வேக்காகக் கட்டப்பட்டவை. அந்த ரயில்வேயை விரும்புபவர்கள் பலர் பித்தளையில் அதை ஏற்கெனவே வைத்திருக்கிறார்கள். என் மதிப்பீட்டில், பட்டியலில் உள்ள பெரிய இன்ஜின்களுள் வணிகக் கணக்குக்கு மிக நெருங்கி நிற்பது இதுவே. கே-28 அழகிலும் ஓட்டத்திலும் குறைந்ததல்ல. ஆனால் 1923இல் கட்டப்பட்ட பத்தில் ஏழை அமெரிக்க ராணுவம் இரண்டாம் உலகப் போரில் ஒயிட் பாஸ் பாதைக்குக் கொண்டுபோய்விட்டது, அவை திரும்பவில்லை. எஞ்சியவை 473, 476, 478 என்ற மூன்று மட்டுமே.

இன்ஜினின் உள்ளே பார்த்தால் தடை இன்னும் தெளிவாகும். கே வகை இன்ஜின்களின் சட்டகம் சக்கரங்களுக்கு வெளியே இருக்கிறது. எனவே சக்கரம் உள்ளே மறைந்திருக்க, சட்டகத்துக்கு வெளியே எடைச்சமன் துண்டுகள் மட்டும் கனமாகச் சுழல்வதுதான் வெளியிலிருந்து தெரியும். அந்தக் காட்சிக்காகவே பலர் இந்த வகையை நேசிக்கிறார்கள். மாதிரியில் அதையே செய்ய, 10.5 மில்லிமீட்டர் தண்டவாளத்துக்கு இடையே சக்கரங்களும் பற்சக்கரமும் அடங்க வேண்டும். அச்சுத் தண்டு சட்டகத்தைத் துளைத்து வெளியே வந்து, எடைச்சமன் துண்டை வழுக்காமல் பிடித்துக்கொள்ள வேண்டும். நான்கு அச்சுத் தண்டுகளிலும் அந்தத் துண்டுகள் ஒரே கோணத்தில் நிற்க வேண்டும். ஒன்று மயிரிழை பிசகினாலும் இணைப்புத் தண்டு இறுகி, இன்ஜின் ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை தயங்கும். மெதுவாக ஓட்டும்போதுதான் அந்தத் தயக்கம் நன்றாகத் தெரியும். நாரோ கேஜ் ரயிலோ எப்போதும் மெதுவாகவே ஓட வேண்டியது. மோட்டார் பாய்லருக்குள் போக, ஒலிக்கருவியும் ஒலிபெருக்கியும் டெண்டருக்குள் (இன்ஜினுக்குப் பின்னால் கரியும் நீரும் சுமக்கும் பெட்டி) போக, எடை கூட்டுவதற்கு மிஞ்சும் இடம் சொற்பம். எடை குறைந்தால் இழுவையும் குறையும், தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுப்பதும் விட்டுவிட்டு நிகழும். அண்மை ஆண்டுகளில் சிறுத்துவிட்ட டிசிசி டிகோடர்களும் (இன்ஜினுக்குள் இருந்து டிஜிட்டல் கட்டளைகளை ஏற்று இயக்கும் சில்லுகள்), நொடிப்பொழுது மின்தடையைத் தாங்கும் மின்தேக்கிகளும் இந்தப் பக்கத்தில் உண்மையான முன்னேற்றம். முன்பு முடியாது என்று ஒதுக்கப்பட்ட சிறு இன்ஜின்களை இன்று செய்ய முடியும் என்பதற்கு முதல் காரணம் இதுவே.

தொழிற்சாலைக்கும் வாங்குபவருக்கும் இடையே இன்னொரு முடிச்சு உண்டு. சிறு சந்தைக்குப் பொருள் செய்யும் நிறுவனம் இன்று பெரும்பாலும் முன்பதிவை எண்ணிப் பார்த்த பிறகே அச்சு வெட்டுகிறது. வாங்குபவரோ, வண்ணம் பூசிய முதல் மாதிரியைக் கண்ணால் பார்க்காமல் முன்பதிவு செய்யத் தயங்குகிறார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே காத்திருக்கிறார்கள். அதற்குள் அறிவிப்பு மட்டும் தன் வேலையைச் செய்துவிடுகிறது: பெரிய நிறுவனம் ஓர் இன்ஜினை அறிவித்த மறுநாளே, அதே இன்ஜினைக் கிட்டாக விற்றுக்கொண்டிருந்த சிறு தயாரிப்பாளரின் விற்பனை நின்றுபோகிறது. அறிவித்தது ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போனாலோ கைவிடப்பட்டாலோ இரண்டும் கிடைக்காமல் போகிறது. நிறைவேறாத அறிவிப்பு சிறு சந்தையில் செய்யும் சேதத்தை நிறுவனங்கள் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை என்பது என் கருத்து. இதன்மேல், இந்த மாதிரிகளில் பெரும்பகுதி சீனாவின் ஒப்பந்தத் தொழிற்சாலைகளில் பெரிய வாடிக்கையாளர்களின் வேலைகளுக்கு இடையே நேரம் கிடைக்கும்போது செய்யப்படுகிறது. 2025இல் அமெரிக்கா சீனப் பொருள்கள்மீதான இறக்குமதி வரியைச் சில வாரங்களுக்குள் ஏற்றியும் இறக்கியும் மாற்றியபோது, முன்பதிவு விலையை உறுதியாகச் சொல்வதே சிறு நிறுவனங்களுக்கு இயலாத காரியமாகிவிட்டது.

இவ்வளவுக்கும் மாற்றாக ஒரு முன்னுதாரணம் பிரிட்டனில் இருக்கிறது. அங்கே 1:76 விகிதத்தில் 9 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் ஓடும் ஓஓ9 துறை, நீண்ட காலம் அதே தண்டவாளத்தில் ஓடும் ‘என்’ (N) வரிசையின் இயக்கப் பகுதிகளின்மேல் கையால் செய்த உடல்களைப் பொருத்தியே பிழைத்து வந்தது. கடந்த பத்து ஆண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் ஹெல்ஜன், பாக்மன், பெக்கோ ஆகியவை ஓட்டத்துக்கு ஆயத்தமான இன்ஜின்களையும் பெட்டிகளையும் வெளியிட, அந்தத் துறையின் முகமே மாறிவிட்டது. பாக்மன் தேர்ந்தெடுத்த பால்ட்வின் 10-12-டி இன்ஜினைக் கவனிக்க வேண்டும். முதல் உலகப் போரின் அகழிப் பாதைகளுக்காக அமெரிக்காவில் 495 கட்டப்பட்டு, போருக்குப் பின் பல நாடுகளின் பல பாதைகளில் ஓடிய இன்ஜின் அது. ஒரே அச்சில் போர்க்காலத் தோற்றம், பிரிட்டிஷ் பாதைகளின் தோற்றங்கள், கற்பனைப் பாதை அமைப்பவரின் விருப்பத் தோற்றம் என்று எல்லாம் வந்துவிடுகின்றன. வேல்ஸின் கற்சுரங்கங்களில் ஓடிய ஹன்ஸ்லெட் இன்ஜின்களுக்கும் இதே கணக்கு பொருந்தும்.

அமெரிக்கப் பட்டியலில் இதற்கு இணையான தேர்வு பெரிய மிகாடோ அல்ல, ஷே. லைமா நிறுவனம் 1945 வரை இரண்டாயிரத்து எழுநூறுக்கு மேற்பட்ட ஷே இன்ஜின்களைக் கட்டியது. அவை காடுகளிலும் சுரங்கங்களிலும், கணக்கற்ற சிறு நிறுவனங்களுக்காக, பல அகலங்களில் ஓடின. ஒரே மாதிரியான ஷேயை 3 அடிப் பாதைக்கும் சாதாரணப் பாதைக்கும் சிறு மாற்றங்களோடு விற்க முடியும் என்பதால், எச்ஓ கூட்டத்தின் பெரிய எண்ணிக்கையும் அந்த அச்சின் செலவைப் பகிர்ந்துகொள்ளும். புதிய எச்ஓஎன்3 ஷே ஒன்று வருமென்றால் அது கே-36ஐவிடப் பலருக்குப் பயன்படும், புதிதாக இந்தத் துறைக்குள் வருபவருக்கும் எட்டும் விலையில் இருக்கும் என்றே நினைக்கிறேன். எட்டு இயக்கச் சக்கரங்கள் ஒரே சட்டகத்தில் அமைந்த மிகாடோ திரும்ப முடியாத வளைவிலும் ஷே திரும்பும். சிறு மேசை போதும்.

முப்பரிமாண அச்சு (3டி பிரிண்டிங்) இந்தக் கணக்கைப் பாதியளவு மாற்றியிருக்கிறது. பிசின் அச்சு இயந்திரம் வீட்டுக்குள் வந்தபின், ஓர் இன்ஜினின் உடலையோ பயணிகள் பெட்டியையோ பத்துப் பேருக்காகச் செய்வதுகூடச் சாத்தியம். அச்சுச் செலவு என்ற சுவரே அங்கே இல்லை. ஆனால் பற்சக்கரத்தையும் வட்டம் பிசகாத சக்கரத்தையும் அந்த இயந்திரத்தால் நம்பகமாகத் தர முடியாது. எச்ஓஎன்30 செய்பவர்கள் காட்டோ நிறுவனம் ‘என்’ (N) வரிசைக்காக விற்கும் சிறு மோட்டார் சேஸிஸ்களின்மேல் தங்கள் உடல்களைப் பொருத்தி இந்தக் குறையைக் கடந்துவிட்டார்கள். எச்ஓஎன்3க்கு அப்படி வாங்கி வைத்துக்கொள்ள ஒரு பொதுச் சேஸிஸ் கிடைத்தால், இன்ஜினுக்காக ஒரே நிறுவனத்தை எதிர்பார்த்திருக்கும் நிலை பெரிதும் தளரும். பட்டியல்களில் அரிதாகவே இடம்பெறும் இந்த வேண்டுகோளைத்தான் நான் முதலில் வைப்பேன். பாயிண்ட்கள், குறிப்பாக மூன்று தண்டவாளங்களோடு இரு அகலங்களுக்கும் பொதுவாக அமையும் பாயிண்ட்கள், அடுத்த இடத்துக்கு உரியவை. அவற்றைக் கையால் செய்ய முடியாதவர் கொலராடோவில் இரு அகலங்களும் சந்தித்த அலமோசா போன்ற ஒரு கூட்டுநிலையத்தை அமைக்கவே துணிய மாட்டார்.

ஈஸ்ட் பிராட் டாப் இவை எல்லாவற்றிலும் தனித்து நிற்கிறது. நிலக்கரி ஏற்றிய அந்தப் பாதை 1956இல் மூடப்பட்டு, 1960இல் சுற்றுலாவுக்காகத் திறக்கப்பட்டு, 2011இல் மீண்டும் நின்று, 2020இல் ஓர் அறக்கட்டளையின் கைக்கு வந்தது. 2023இல் அதன் 16ஆம் எண் இன்ஜின் மறுபடியும் நீராவியில் ஓடத் தொடங்கியது. பாதை மறுபடி உயிர்பெற்றதிலிருந்து அதன் மாதிரிகளுக்கான குரலும் உரத்திருக்கிறது. அதன் ஆறு மிகாடோக்களும் இன்றும் இருக்கின்றன. அவற்றில் 16, 17, 18 மூன்றும் ஒரே பெரிய வகை, 14, 15 இரண்டும் ஒரு வகை. ஆயினும் அவை வேறெந்தப் பாதையிலும் ஓடாதவை என்பதால் இன்ஜின் தாமதமாகத்தான் வரும். சரக்குப் பெட்டிகளின் நிலை அப்படியில்லை. மவுண்ட் யூனியனில் இந்த ரயில்வே சாதாரண அகலப் பெட்டிகளைப் பளுதூக்கியால் உயர்த்தி, அடியில் இருந்த சக்கரத் தொகுதிகளை உருவி, குறுகிய பாதையின் தொகுதிகளைச் செருகித் தன் பாதையிலேயே ஓட்டியது. ஆகவே கடையில் கிடைக்கும், அந்தக் காலத்துக்குப் பொருந்தும் பல எச்ஓ சரக்குப் பெட்டிகள், பொருத்தமான 10.5 மில்லிமீட்டர் சக்கரத் தொகுதி ஒரு ஜோடி கிடைத்தால், உண்மைக்கு மாறில்லாமல் ஈஸ்ட் பிராட் டாப்பில் ஓடலாம். ஒரு நிறுவனம் வெட்ட வேண்டியது அந்தச் சிறு தொகுதிக்கான அச்சு ஒன்றைத்தான்.